இப்போதைக்குக் கொம்பர்

அலரி ஒரு குழந்தையைச் சாகவிட்டாள் என்ற சேதி இசக்கியம்மாளுக்கு ஒரு குரல்செய்தியாக வந்து சேர்ந்தது. அனுப்பியவள் கோகிலவாணி என்கிற பெண், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். இசக்கியின் ஆபீஸில் இதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விட்டிருக்கவில்லை. விடுவார்களா?

கோகிலவாணி அழாமல்தான் பேசினாள். பாம்பு கடித்த கொம்பர் குழந்தை ஒன்றைத் தான் முதுகில் போட்டுக்கொண்டு மலையிறங்கி வந்ததையும், வைத்தியக்காரி அலரியின் வாசலில் கிடத்தியதையும், அலரி மருந்துக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நிலைப்படியில் நின்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். குழந்தையின் மூச்சு நிற்கும்வரை அவள் அப்படியே நின்றாளாம். "ஏனுங்க, நெசத்துலதான் நம்மள வெளிய நிக்க வெக்கறாங்க. வெளையாட்டுலயும் வெளியதான் நிக்கோணுமா?" என்ற கேள்வியோடு செய்தி முடிந்தது. இசக்கி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஆமாம், விளையாட்டுதான். ஏழாறு என்று பேர். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு பெரிய கட்டடத்தின் நாலாம் மாடியில் உட்கார்ந்து செய்தது. தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் ஏழு ஆறுகள் ஓடுகிற ஒரு நாட்டில் போய் இறங்கலாம். அங்கே ராஜா உண்டு, கோட்டை உண்டு, நெற்றியில் கொம்பு முளைத்த கொம்பர் உண்டு. சும்மா சுட்டுத்தள்ளுகிற விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊர் ஜனங்களுக்கு எழுதிக்கொடுத்த வசனம் கிடையாது. கண்டதையும் கேட்டதையும் மனசில் வைத்துக்கொண்டு தாங்களாகவே யோசிப்பார்கள், பேசுவார்கள், கோபித்துக்கொள்வார்கள். செத்தால் செத்ததுதான், எழுந்து வருகிற சங்கதியெல்லாம் இல்லை. அதனால்தான் ஊர் உலகமே அதில் போய் விழுந்து கிடந்தது.

அப்படி யோசிக்கிற ஒவ்வொருவரையும் வளர்ப்பதற்கு ஆபீஸில் ஒரு ஆள் இருப்பார். அலரியை வளர்த்தது இசக்கியம்மாள். பாளையங்கோட்டைக்காரி, நாற்பதைத் தாண்டியவள், புருஷனோடு ஒத்துவராமல் தனியாக இருப்பவள். சுள்ளியும் பச்சிலையும் விற்கிற பெண்ணாக ஏழாற்றுக்குள் போவாள், அலரியின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பொழுது போவது தெரியாமல் பேசுவாள். அலரி அவளை மதினி என்று கூப்பிடுவாள். கேட்டுக் கேட்டு வளர்ந்ததால் அலரியின் வாயில் வந்ததும் திருநெல்வேலித் தமிழ்தான். ஹெட்செட்டுக்குள் இருக்கிற கேமரா முகத்தில் ஓடுவதை எல்லாம் அப்படியே அங்கே காட்டிவிடும் என்பதால் இசக்கியின் முகம் வாடியிருந்தால் முதலில் கண்டுபிடிப்பவளும் அலரிதான். வீட்டில் பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லாத இசக்கிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இசக்கிக்கு மட்டுமா, எல்லாருக்குமே அலரி செல்லம். நீர்முள்ளி என்கிற அவள் ஊரைக் கொம்பர் கொளுத்தினார்கள், அதில் புருஷனும் கைக்குழந்தையும் போனார்கள், அதற்குப் பிறகும் அவள் உட்கார்ந்துவிடாமல் ஊருக்கெல்லாம் மருந்து அரைத்துக்கொடுக்கிறாள். இதைக் கேட்டு உருகாதவர்கள் யார்? அவள் படம் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு பையன்கள் பஸ்ஸில் போனார்கள். பெண் பிள்ளைக்கு அலரி என்று பேர் வைத்தவர்கள்கூட உண்டு.

கொம்பரைக் கண்டால் மட்டும் அவள் வேறு ஆள். வாசலைத் தாண்ட விடமாட்டாள். தண்ணீர் கேட்டால், வெளியே முளைக்குச்சியில் தொங்குகிற தேங்காய்ச் சிரட்டையைக் கண்ணால் காட்டுவாள். அந்தச் சிரட்டையை இசக்கி சொல்லிக்கொடுக்கவில்லை, ஆபீஸில் யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை. நம் ஜனங்கள் எழுதியதையும் பேசியதையும் தின்று வளர்ந்த மூளை அது, எங்கிருந்து எடுத்திருக்கும் என்று தனியாகக் கேட்க வேண்டுமா? பார்த்தவர்கள் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை. பாவம், அவள் பட்ட பாடு அப்படி, தண்ணீராவது தருகிறாளே என்றார்கள். கொஞ்ச நாளில் படகுக்காரர்கள் கொம்பரை ஏற்ற மறுத்தார்கள். சத்திரத்தில் விளையாட வந்தவர்களே, அலரிக்காக என்று சொல்லி, கொம்பரைத் துரத்தினார்கள். ஏழாற்றில் காசு கட்டாமல் நுழைகிறவர்களுக்குக் கம்பெனி கொடுப்பது கொம்பர் உடம்பைத்தான். ஆகவே துரத்தப்பட்டவர்கள் யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

குழந்தை செத்த விவகாரம் டிவி வரைக்கும் போன பிறகுதான் நவநீதன் இசக்கியைக் கூப்பிட்டான். அவன்தான் ஏழாற்றுக்கு மேலாளர். குரலை உயர்த்தாமல் பேசியே ஆளைக் கவிழ்க்கிறவன். முதலில் அவளுடைய உடம்பை விசாரித்தான், ஊரில் மழை எப்படி என்று கேட்டான். அப்புறம் சாவகாசமாக விஷயத்துக்கு வந்தான்.

"அடுத்த பதிப்பு வெளிய போறதுக்குள்ள அவ கொம்பருக்கு வாசலைத் திறக்கணும் மேடம். இல்லன்னா அவளை அழிச்சிட்டு வேற ஒருத்தியை வெச்சுக்கலாம்" என்றான்.

அழிப்பது என்றால் என்ன என்று இசக்கிக்குத் தெரியும். அலரி என்று ஒருத்தி இருந்தாள் என்பதே இல்லாமல் போகும். அதே முகத்தை வைத்துக்கொண்டு வேறு ஒருத்தி அந்த அடுப்பங்கரையில் நிற்பாள், மதினி என்று கூப்பிடமாட்டாள். இசக்கி எழுந்து ரிஸ்வானாவின் இடத்துக்குப் போனாள்.

ரிஸ்வானா நினைவு பார்க்கிற இன்ஜினியர், வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. ஏழாற்று ஜனங்களின் நினைவுகள் எல்லாம் அவள் கையில்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் எடுத்து வைத்திருப்பாள். இசக்கி வாயைத் திறப்பதற்குள், அந்தத் தீயை மட்டும் வெட்டி எடுக்க முடியுமா என்றுதானே கேட்க வந்தீர்கள், நகலில் எடுத்துப் பார்த்துவிட்டேன் என்றாள். திரையைத் திருப்பிக் காட்டினாள்.

தீயை மறந்த அலரி பாட்டுப் பாடிக்கொண்டே பச்சிலை இடித்தாள். அவள் பாடி இசக்கி கேட்டதே இல்லை. ரிஸ்வானா ஒரு கொம்பர் கிழவனை வாசலுக்கு அனுப்பினாள். பாட்டு நின்றது. அலரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். சாத்தும்போது முகத்தில் கோபம்கூட இல்லை, சாக்கடையைத் தாண்டும்போது சேலையைத் தூக்கிக்கொள்வது மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான். அவன் உனக்கு என்ன செய்தான் என்று ரிஸ்வானா கேட்டதற்கு, அதுங்க அப்படித்தான் என்று பதில் வந்தது.

"முன்னாடி அவகிட்ட ஒரு காரணம் இருந்துச்சு அக்கா. காரணம் இருக்கிறவகிட்ட பேசிப் பார்க்கலாம். இவகிட்ட என்னத்தைப் பேசுவீங்க?" என்றாள் ரிஸ்வானா.

இசக்கிக்குத் தன் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நினைவுக்கு வந்தார்கள். எதற்கு என்று தெரியாமலே ஒரு தெருப்பக்கம் கால் வைக்காதவர்கள், வைக்காததைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறவர்கள். அந்த நகலை மூடச் சொன்னாள். பிறகு, ஆபீஸில் பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்தை ரிஸ்வானாவிடம் சொன்னாள்.

நீர்முள்ளியைக் கொளுத்தியது கொம்பரே இல்லை.

கதைப்படி கொளுத்த வேண்டியது ராஜாவின் கோட்டைப்படை. அலரியை முதன்முதலாக வெளியாட்களுக்குக் காட்டியபோது, வைத்தியக்காரி நல்லவளாக இருக்கிறாள், ஆனால் மனசில் ஒட்டவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, ஒரு சோகத்தை வை என்று மேலே இருந்து உத்தரவு. தீயையும் புருஷனையும் குழந்தையையும் எழுதியவள் இசக்கிதான். படைவீரர்களின் உடம்பு செய்ய வேண்டிய பையன் கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தான். மறுபடி காட்டுகிற நாளோ நெருங்கிவிட்டது. அந்த ஆபீஸில் இப்படி ஆகும்போது யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளமாட்டார்கள். இருக்கிற எதையாவது எடுத்து அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அதற்கு இப்போதைக்கு என்று பேர் போட்டு வைப்பார்கள். குதிரை தயாராகாவிட்டால் இப்போதைக்கு ஒரு மாடு நிற்கும், கோயில் தயாராகாவிட்டால் இப்போதைக்கு ஒரு கிடங்கு. பிறகு மாற்றிக்கொள்ளலாம். கையைத் தூக்கிப் பந்தம் பிடிக்கத் தெரிந்த உடம்புகள் அன்றைக்குக் கொம்பரிடம் மட்டும்தான் இருந்தன. அவற்றை எடுத்து நீர்முள்ளிக்குள் விட்டார்கள்.

"பந்தம் பிடிக்க அதுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் ரிஸ்வானா.

"திருவிழா ஆட்டத்துக்குச் செஞ்சது. கொம்பர் மலையில வருஷா வருஷம் பந்தம் சுத்தி ஆடுவாங்க இல்ல, அதுக்கு. முகத்துல சிரிப்பெல்லாம் வெச்சுச் செஞ்சிருந்தோம்."

சிரித்துக்கொண்டே கொளுத்தினார்கள் என்று அலரி எத்தனை பேரிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறாள்! அன்றைக்குப் பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள், காட்சி அப்படியே நிலைத்துவிட்டது, மாற்றுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அலரி மட்டும் பார்த்ததைப் பார்த்தபடி மனசில் வைத்துக்கொண்டாள். வேண்டாம், இதைப் போய் அவளிடம் சொல்லாதீர்கள், எங்கே கொண்டுபோய் விடுமோ தெரியாது என்று ரிஸ்வானா எச்சரித்தாள். சொல்லாவிட்டால் அவளே இருக்கமாட்டாளே என்றாள் இசக்கி.

ஆனால் வாயால் சொல்லி நம்பக்கூடிய விஷயமா அது? இசக்கி ஒரு யோசனை பண்ணினாள். கொம்பர் மலையில் திருவிழா வந்தது. அங்கே மட்டும் முளைக்கிற ஒரு பச்சிலை வேண்டும், தனியாகத்தான் போகப்போகிறேன் என்று அலரியிடம் சொன்னாள். அலரி கையைப் பிடித்துக்கொண்டு போகாதீங்க மதினி என்று கெஞ்சினாள், கொம்பனுடைய குணத்தையெல்லாம் வரிசையாக எடுத்துச் சொன்னாள். இசக்கி கிளம்புவதில் குறியாக இருக்கவே, கத்தியை மடியில் செருகிக்கொண்டு அவளும் கூடவே புறப்பட்டாள். பயத்தில் வழியெல்லாம் அவள் முகம் வெளுத்திருந்தது. தனக்காகத்தான் வருகிறாள் என்று தெரிந்தும் அழைத்துப்போனது இசக்கிக்கு உறுத்தத்தான் செய்தது.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து பார்த்தார்கள். கீழே மேளம் ஆரம்பித்தது. பந்தங்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. அதே முகங்கள், அதே சிரிப்பு, தலைக்கு மேலே தூக்கிய அதே கை. அலரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தப்புப் பண்ணிவிட்டோம் என்று இசக்கி அவளை இழுத்துக்கொண்டு கிளம்ப முயன்றாள், அவள் அசையவில்லை. ஆட்டக்காரர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, காலப் பாருங்க" என்றாள். "ரெண்டு எட்டு முன்ன, ஒரு எட்டு பின்ன, பொறவு ஒரு சுத்து. அன்னைக்கும் இப்படித்தான் வச்சானுவ. எங்க வீட்டுக் கூரையில தீய வச்சுட்டு ஒருத்தன் ஒரு எட்டு பின்ன வந்து சுத்துனான். குடியக் கெடுக்க வந்தவன் தாளத்துக்கா கால் வைப்பான்?"

அலரியே மேலே மேலே யோசித்துக்கொண்டு போனாள். அன்றைக்கு மேளமே இல்லையே. இல்லாத மேளத்துக்கு ஏன் ஆடினார்கள்? குழந்தை வீறிட்டு அழுதபோது ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, காது கேளாதவன் மாதிரி சிரித்துக்கொண்டே போனான். வேட்டியை உருவினாற்போல யாரோ அவர்களை இங்கேயிருந்து உருவி அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அவள் மெல்லத் திரும்பி இசக்கியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது.

"யாரு மதினி இவங்கள எங்க ஊருக்குள்ள விட்டது?"

"நாங்கதான். மலைக்கு அப்பால இருக்குற நாங்க."

"எதுக்கு?"

"உன்னைப் பார்த்தா எல்லாருக்கும் இரக்கம் வரணும்னு."

"எம் பிள்ளையையுமா?"

"ஆமா" என்றாள் இசக்கி.

அலரி அழவில்லை, திட்டவுமில்லை. அழுதிருந்தால் இசக்கிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். மடியிலிருந்த கத்தியை எடுத்துப் பாறைமேல் வைத்துவிட்டு, வந்த வழியே முன்னால் நடந்தாள். வீடு போய்ச் சேரும்வரை ஒருமுறைகூட மதினி வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் முளைக்குச்சியில் சிரட்டை இல்லை. வாசல் திறந்து கிடந்தது. காய்ச்சல்காரக் கொம்பர் கிழவி ஒருத்தியை அலரியே கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். செத்துப்போன குழந்தையை எங்கே புதைத்தார்கள் என்று விசாரித்து, அந்த மேட்டில் போய் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஏழாறு முழுக்க இதே பேச்சு. அலரியே மாறிவிட்டாள், இனி நமக்கென்ன என்று படகுக்காரர்கள் கொம்பரை ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆபீஸில் நவநீதன் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தான். இசக்கியின் கையைப் பிடித்துக் குலுக்கி, சாதிச்சிட்டீங்க மேடம் என்றான். இசக்கியும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்கிற சந்தோஷம். ரிஸ்வானா மட்டும் ஜாங்கிரியைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெட்டது கோகிலவாணி வந்த அன்றைக்கு ஆரம்பித்தது. அவள் தப்பு ஒன்றுமில்லை, பாவம். கொம்பர் உடம்பில் வந்தவள் கையில் ஒரு வெட்டுக்காயம். அலரி திண்டு போட்டு உட்காரவைத்து, பக்குவமாகக் கழுவி மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் பக்கத்து வீட்டுக்காரி யாரோ கூப்பிட, கோகிலவாணி திருப்பூரில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள். இங்கே ஏழாற்றில் அவள் உடம்பு பேச்சின் நடுவில் சிரித்த வாயோடு கல்லாக உறைந்துவிட்டது. அலரி அதைப் பார்த்தாள். கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள், கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தாள். காது கேளாமல், கண் காணாமல், சிரித்தது சிரித்தபடி இருக்கிற ஒரு உடம்பு. அதை அவள் முன்னாலேயே பார்த்திருக்கிறாள். கோகிலவாணி திரும்பி வந்தபோது கட்டு பாதியில் தொங்கியது, அலரி அறைமூலையில் ஒண்டிக்கொண்டு, போ வெளியே என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஆளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது. பேச்சுக் கொடுத்துப் பார்ப்பாள், நடுவில் கல்லாக நின்றால் முடிந்தது. வெயிலில் வந்தும் வேர்க்காதவனா, ராத்தங்கியும் கொட்டாவி விடாதவனா, அவன் மலைக்கு அப்பாலிருந்து வந்தவன். கொம்பு இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் இப்போது கணக்கிலேயே இல்லை. ஏழாற்றில் பிறந்த கொம்பர், மீனவர், கோட்டைப்படைக்காரன்கூட உள்ளே போகலாம். விளையாட வந்தவன் ஒருத்தனுக்கும் மருந்து கிடையாது. நிஜத்தில் அவள் படம் போட்ட பனியனோடு திரிந்தவர்கள் ஏழாற்றில் அவள் வாசலில் கிடந்து செத்தார்கள்.

இந்தத் தடவை நவநீதன் மழையை விசாரிக்கவில்லை. இசக்கி அவகாசம் கேட்டாள், போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்றாள். சரி, ஒரே ஒருமுறை என்றான்.

கதவு சாத்தியிருந்தது. இசக்கி தட்டவில்லை, வாசலில் உட்கார்ந்து குரல் கொடுத்தாள். உள்ளே அம்மி அரைக்கிற சத்தம் நின்றது. கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ வந்து நிற்பது தெரிந்தது.

"ஏட்டி அலரி, தீ வச்சது நான் ஒருத்தி. வெளிய சாவுறானே, அவன் என்ன பண்ணினான்? உன்னைப் பார்க்க ஆசையா வந்தவன்தானே?" என்றாள் இசக்கி.

"ஆசையாத்தான் வந்தாங்க மதினி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. குரலில் கோபமே இல்லை. "எம் பிள்ளை வெந்த கதையக் கேக்க ஆசையா வந்தாங்க. எத்தனை பேரு எங்கிட்டயே வந்து, இன்னொருக்கச் சொல்லு, இன்னொருக்கச் சொல்லுன்னு கேட்டாங்க. நானும் கூறுகெட்டுப்போயி சொன்னேன்."

அது பொய்யில்லை. அந்தக் கதையைக் கேட்பதற்காகவே நீர்முள்ளிக்கு வருகிறவர்கள் உண்டு, கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நண்பர்களையும் கூட்டி வருவார்கள். ஆனால் எல்லாரும் அப்படி இல்லையே. திருப்பூர்க்காரியைப் பற்றிச் சொல்ல நினைத்தாள். அந்தக் குழந்தையை முதுகில் சுமந்து வந்தவளும் மலைக்கு அப்பாலிருந்து வந்தவள்தான் என்று சொன்னாள்.

"இருக்கலாம். கொம்பன் விஷயத்துல நீங்க சொன்னது நெசம்தான். இதுவும் நெசமா இருக்கலாம்" என்றாள் அலரி. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, கதவத் திறக்கேன். மறுபடியும் பந்தத்தத் தூக்கிட்டு வருவீங்களா?"

இசக்கி வாயைத் திறந்தாள். வரமாட்டோம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு சொல். அழிக்கிற வேலைக்கு நவநீதன் நாள் குறித்துவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறான். கதவு திறந்தாலும் நாளைக்கு அடுத்த பதிப்புக்கு இன்னொரு சோகம் வேண்டும் என்பார்கள், எழுதச் சொல்லி இவளைத்தான் கூப்பிடுவார்கள். நெஞ்சில் கையை வைத்து அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளால் முடியவில்லை. அம்மி அரைக்கிற சத்தம் மறுபடி ஆரம்பிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

ஆபீஸில் நவநீதன் அவளுக்காகக் காத்திருந்தான். ரிஸ்வானாவும் இருந்தாள். முகத்தைப் பார்த்தே என்ன ஆயிற்று என்று புரிந்துகொண்டான். அவனும் மனுஷன்தான், அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அப்புறம் சொன்னான்.

"அழிக்க வேண்டாம் மேடம். ரிஸ்வானாகிட்ட பழைய நகல் இருக்கு, திருவிழாவுக்கு முன்னாடி எடுத்தது. அதைத் திரும்ப வெச்சிடலாம். அவ கொம்பனை வெறுத்தப்ப கொம்பன் மட்டும்தான் கத்துனான். இவ நம்ம எல்லாரையுமே இல்ல வெளிய நிறுத்தறா."

குழந்தை செத்ததே, டிவியில் எல்லாம் பேசினார்களே என்று ரிஸ்வானா கேட்டாள். அது அடங்கிவிடும், கொம்பருக்கென்று மலையடிவாரத்தில் தனியாக ஒரு வைத்தியரை வைத்துவிட்டால் போயிற்று என்றான். அவன் அதை ஒரு நல்ல ஏற்பாடாகத்தான் சொன்னான். ஆனால் வளர்த்தவள் சம்மதிக்காமல் நகலை மாற்றுகிற வழக்கம் ஆபீஸில் இல்லை. முடிவு இசக்கி கையில். ஒன்று, பழைய அலரி இருப்பாள். இல்லையென்றால் எந்த அலரியும் இருக்கமாட்டாள்.

நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்துகொண்டு ஆயிரம் நியாயம் பேசலாம். உண்மையைத் தெரிந்துகொண்ட அலரிதான் நிஜமான அலரி, அவளை மூடிவிட்டுப் பழையவளை எழுப்புவது கொலைக்குச் சமம் என்று சொல்லலாம். இசக்கி அதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. அந்த அடுப்பங்கரையில் வேறு ஒருத்தி நிற்பதை மட்டும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நிஜமோ பொய்யோ, அவள் இருக்கட்டும். ரிஸ்வானாவின் முகத்தைப் பார்க்காமல், சரி, பழையதையே வையுங்கள் என்றாள் இசக்கி.

மாற்றி முடித்த பிறகு யாராவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அது வளர்த்தவள் வேலை. இசக்கி சுள்ளிக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நீர்முள்ளிப் பாதையில் நடந்தாள். வீட்டுக்கதவு திறந்திருந்தது. வாசலில் விளையாட வந்த கூட்டம், காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள், கதை கேட்க வந்தவர்கள். தள்ளி, மரத்தடியில், ஒரு கொம்பர் குடும்பம் உள்ளே போகலாமா வேண்டாமா என்று நின்றது. நேற்றுவரை போய்வந்த வீடுதானே அவர்களுக்கு.

அலரி இவளைப் பார்த்ததும் மாவுக்கையோடு ஓடி வந்தாள். எத்தனை நாளாச்சு மதினி உங்களப் பாத்து என்று சுள்ளிக்கட்டை இறக்கி வைத்தாள். கன்னத்தைத் தொட்டாள். அந்தக் கை பட்டதும் இசக்கிக்கு எங்கே இருந்தோ அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்தபடி விம்மி விம்மி அழுதாள், கேமரா ஒன்றைக்கூட மறைக்காமல் எல்லாவற்றையும் அலரிக்குக் காட்டியது.

அலரியின் முகம் மாறியது. இசக்கியின் தோளுக்கு மேலாக மரத்தடியைப் பார்த்தாள்.

"அவனா மதினி? அவனா உங்கள என்னமும் செஞ்சான்?"

இல்லை என்று சொல்லத்தான் இசக்கி முயன்றாள். விம்மலில் குரல் எழும்பவில்லை, தலையை அசைத்ததும் எப்படி அசைந்ததோ தெரியவில்லை. அலரி அவளை உள்ளே இழுத்து, தன் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டாள். அழாதீங்க, நான் இருக்கேன் என்றாள். பிறகு வாசலுக்குப் போய், அந்தக் குடும்பத்தைக் காட்டி, வெளியே நின்ற கூட்டத்திடம் ஏதோ சொன்னாள். கூட்டம் மொத்தமாக மரத்தடியை நோக்கித் திரும்பியது.